பாதி மிதித்தால் நின்ற கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. என் பேரனோடு கல்லூரியில் படித்த பையன். தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று அவர்கள் வீட்டு ஷெட்டில் பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பி ஓட்டியே தீருவது என்று இறங்கியிருக்கிறான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் வழியில் நின்று நின்று போகிறதாம்.

"தாத்தா, காயில் மாத்தணுமா, கண்டென்சர் மாத்தணுமா? ரெண்டையும் ஆர்டர் போட்டுடட்டுமா?"

"இரு, அவசரப்படாதே. எப்ப நிக்குது?"

"ஓடும்போதுதான்."

"ஓடும்போது எப்ப?"

மறுமுனையில் சத்தமில்லை. ஒரு வாரம் ஒரு சாமானும் வாங்காதே, நிற்கும்போதெல்லாம் நேரம், வேகம், சூடு, எவ்வளவு மிதித்திருந்தாய் என்று ஒரு நோட்டில் எழுது என்று சொல்லி போனை வைத்தேன். பையனுக்கு ஏமாற்றம்தான். நான் கேட்ட அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. 1973-ல் எனக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொள்வதற்குள் ஒரு தப்புக் காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அது புரிய வேண்டுமானால், காருக்குள் நெருப்புப் பொறி வந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் எஞ்சின் செய்தவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்த பெரிய தலைவலி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து உள்ளே விட்ட பிறகு அதைச் சரியான நொடியில் எப்படிப் பற்றவைப்பது என்பதுதான். ஜெர்மனியில் டைம்லரின் எஞ்சினில் ஒரு சின்னக் குழாயை வெளியிலிருந்து பர்னர் வைத்துச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பற்றவைத்தார்கள். அதே நாட்டில் கார்ல் பென்ஸ் 1886-ல் பேடன்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியில் பேட்டரியும் காயிலும் வைத்துப் பொறி உண்டாக்கினார். ஆனால் அந்தக் காலத்துப் பேட்டரியை நம்பி ஊர் விட்டு ஊர் போக முடியாது.

ஸ்டுட்கார்ட்டில் பட்டறை வைத்திருந்த ராபர்ட் போஷ் 1897-ல் ஒரு மோட்டார் வண்டிக்கு மேக்னெட்டோ பொருத்திக் காட்டினார். 1902-ல் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனல்டு, ஸ்பார்க் பிளக்கோடு சேர்ந்து வேலை செய்யும் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். எஞ்சின் சுற்றச் சுற்ற அதுவே கரண்டை உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி வேண்டாம். வெகு காலம் நல்ல வண்டி என்றால் மேக்னெட்டோ வண்டிதான்.

அடுத்த மாற்றம் அமெரிக்காவில் வந்தது. சார்லஸ் கெட்டரிங் என்பவர் கடைக்காரர்களின் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒஹையோ மாநிலத்து டேட்டன் ஊரில் ஒரு வைக்கோல் கொட்டகையில் நண்பர்களோடு உட்கார்ந்து, பேட்டரி, காயில், கான்டாக்ட் பாயிண்ட் மூன்றையும் ஒழுங்காக இணைத்தார். 1909-ல் டெல்கோ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1910-ம் ஆண்டு காடிலாக் கார்களில் அந்த முறை வந்தது. 1912 காடிலாக்கில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்துவிட்டது.

நம் வயதுக்காரர்கள் பார்த்து வளர்ந்த வண்டிகள் எல்லாம் இந்த முறையில் ஓடியவைதான். பேட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குள் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்வரை கரண்ட் ஓடுகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் அது பட்டென்று அறுந்து, காயிலின் மறுபக்கத்தில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. ரோட்டர் சுற்றிவந்து அதை ஒவ்வொரு பிளக்காகப் பங்கிடுகிறது. கண்டென்சர், பாயிண்டில் தீ பறந்து கருகாமல் காக்கிறது, கரண்டை ஒரே வெட்டாக அறுக்கவும் உதவுகிறது. நாலு சிலிண்டர் வண்டி 3000 ஆர்பிஎம்-மில் ஓடினால் ஒரு நொடிக்கு 100 பொறி. அந்தப் பாயிண்டின் இடைவெளியோ ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. பட்டறைப் பாஷையில் "பதினஞ்சு தவு".

இன்னொன்றும் உண்டு. எஞ்சின் வேகமெடுக்க வேகமெடுக்கப் பொறி கொஞ்சம் முன்னதாக விழ வேண்டும். பழைய வண்டிகளில் இதை டிரைவரே கையால் செய்தார். ஃபோர்டு மாடல் டி-யில் ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் அதற்கென்றே ஒரு நெம்புகோல் உண்டு. கைப்பிடி போட்டுச் சுற்றும்போது பொறி முன்னதாக விழுந்துவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு முறியும். "கட்டைவிரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வை" என்று பழைய டிரைவர்கள் சொல்வது அதனால்தான்.

பிறகு அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டரே எடுத்துக்கொண்டது. உள்ளே சுழலும் இரண்டு எடைகள் வேகத்துக்கு ஏற்ப முன்தள்ளும். வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன டப்பா, கார்புரேட்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வரும் உறிஞ்சலுக்கு ஏற்பப் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டையே லேசாகத் திருப்பும். இதற்கு வாக்யூம் அட்வான்ஸ் என்று பெயர். டிரைவரின் கை செய்ததை ஒரு ரப்பர் சவ்வு செய்யத் தொடங்கியது. டிரைவருக்கு நிம்மதி. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த நெம்புகோல் போய், மூடிக்குள் ஒளிந்த தட்டு வந்துவிட்டது. கோளாறும் அதோடு உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

பிரிட்டிஷ் கார்களுக்கு இந்தச் சாமான்களைப் பெரும்பாலும் செய்தது பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனி. ஜோசஃப் லூகாஸ் தெருவில் பாரஃபின் எண்ணெய் விற்றுப் பிழைத்தவர். பிறகு கப்பல் விளக்கு, சைக்கிள் விளக்கு என்று செய்து முன்னுக்கு வந்தார். அவருடைய சைக்கிள் விளக்குக்கு "சாலையின் ராஜா" என்று பெயர். அதே கம்பெனிக்குப் பிற்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்கள் வைத்த கேலிப் பெயர் "இருட்டின் இளவரசன்". விளக்கு விற்றவருக்கு இந்தப் பட்டம்! முழுக்க நியாயமான கேலி என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

நம் ஊருக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு. 1961-ல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். பாடி பக்கம் போனவர்களுக்கு அந்தத் தொழிற்சாலை தெரியாமல் இருக்காது. அதே 1961-ல்தான் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டும் வந்தது. இங்கிலாந்தில் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்துத்தான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நமக்கு வந்தது குடும்பஸ்தன், அங்கே இருந்தது மைனர் தம்பி.

இனி என் கதை.

1973-ல் எனக்கு 19 வயது. மவுண்ட் ரோடுக்குப் பின்னால், ராயப்பேட்டைப் பக்கம், நாலு கார் நிற்கும் ஒரு ஷெட்டில் கரண்ட் வேலைக்கு உதவியாள். மாதம் 90 ரூபாய். என் குரு ஒரு பாய். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, "கரண்ட் பாய்" என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அப்போதே ஐம்பத்தைந்து இருக்கும். எனக்குக் கீழே ஒரு பையன், பதினைந்து வயது. சாமான் வாங்கிவர, டீ வாங்கிவர, ஸ்பானர் துடைக்க. அவனைச் சின்னவன் என்போம். அப்பா இல்லை, அம்மா வீட்டு வேலை செய்துவந்தார்.

ஒரு நாள் ஒரு டாக்டர் எம்ஜி-பி ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. இரண்டே இருக்கை, திறந்த மேல்புறம், கம்பி வீல். சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடக்கும்போது தூரத்திலிருந்து பார்த்த ஜாதி வண்டி இப்போது எங்கள் ஷெட்டில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எம்ஜி என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய கராஜில் பிறந்த பெயர். நம் அம்பாசடரும் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரின் இந்தியப் பிறவிதான். வீட்டுப் பெயர் மட்டுமல்ல, எஞ்சினும் ஒரே குடும்பம். அம்பாசடரின் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் எஞ்சினும், 1962-ல் வந்த எம்ஜி-பியின் 1798 சிசி எஞ்சினும் பி-சீரிஸ் என்ற ஒரே வரிசை. அதனால் டாக்டருடைய வண்டியில் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் எல்லாம் அம்பாசடர் சாமானே உட்கார்ந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் கேட்டால் உடனே கிடைக்கும்.

கோளாறு இதுதான். காலையில் ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் பூனை மாதிரி முனகிக்கொண்டு இருக்கும். ரோட்டில் போனால் திடீரென்று ஜெர்க் அடிக்கும், அறுந்த மாதிரி நிற்கும், மறுபடி பிடிக்கும்.

பாய் அந்தச் சமயம் ஊரில் இல்லை. ஆம்பூரில் தங்கை வீட்டுக் கல்யாணம், பத்து நாள் லீவு. முதலாளி என்னிடம், "நீ பாத்துடுவே இல்ல?" என்றார். அந்த வயதில் யாராவது இல்லை என்று சொல்வார்களா?

முதலில் நாலு பிளக்கும் மாற்றினேன். போகவில்லை. சின்னவனை அனுப்பி பாயிண்டும் கண்டென்சரும் வாங்கிவரச் சொல்லிப் போட்டேன். வண்டி பிரமாதமாக ஓடியது. டாக்டர் முதுகில் தட்டி 5 ரூபாய் கொடுத்தார். இரண்டாம் நாள் மறுபடி வந்துவிட்டார், அதே கோளாறு. ரோட்டர், மூடி மாற்றினேன். ஒரு நாள் ஓடியது, பிறகு அதே கதை. கடைசியில் 60 ரூபாய் கொடுத்துப் புதுக் காயில். அது ஒரு மணி நேரம்கூட உதவவில்லை. இன்னொரு செட் பாயிண்ட் போட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு, அண்ணா மேம்பாலத்தில், பின்னால் பஸ் வரும்போது நின்றது. டாக்டர் ஷெட்டுக்கு வந்து கத்தவில்லை. "பெரிய விபத்தாகியிருக்கும்ப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

புதுப் பாயிண்ட் போட்டால் இரண்டு நாள் ஓடுகிறது, பிறகு கெட்டுப்போகிறது. இதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? சாமான் டூப்ளிகேட். நல்ல சாமானுக்குக் காசு வாங்கிக்கொண்டு போய், சந்துக்கடையில் போலி வாங்கி மிச்சத்தை எவனோ சுருட்டுகிறான். சாமான் வாங்கப் போவது யார்? சின்னவன்.

நான் இதை முதலாளியிடம் சொன்னேன். "நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார். "வேற எப்படி சார் இருக்க முடியும்?" என்றேன். அவர் பையனைக் கூப்பிட்டார். அவன் பில்லைக் காட்டினான். பில் எழுதி வாங்குவது கஷ்டமா என்றார். கன்னத்தில் ஒரு அறை. அந்த மாதச் சம்பளம் கிடையாது, நாளையிலிருந்து வராதே. சின்னவன் அழவில்லை. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கையைக் கழுவிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான்கு நாள் கழித்து பாய் வந்தார். முழுக் கதையும் சொன்னேன், சின்னவன் விஷயம் உட்பட. அவர் ஒன்றும் பேசவில்லை. டாக்டர் வந்ததும் பானெட்டைத் திறக்காமல் அவரோடு பேச ஆரம்பித்தார்.

"எப்ப சார் நிக்குது?"

"ஓடும்போது, பாய்."

"மேடு ஏறும்போதா, சமதரையிலயா?"

டாக்டர் யோசித்தார். "சமதரையிலதான். மேட்டில நல்லா இழுக்குது."

"பாலத்துல நின்னதே?"

"ஏறும்போது இல்ல. மேல வந்து காலைக் கொஞ்சம் எடுத்தேன், அப்பத்தான்."

"முழுசா மிதிச்சா?"

"முழுசா மிதிச்சா ஓடுதே! இப்பத்தான் ஞாபகம் வருது. பாதி மிதியிலதான் வெட்டுது."

பாய் தலையை ஆட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காயிலோ கண்டென்சரோ கெட்டிருந்தால் மேட்டில், முழு மிதியில், அதிக பாரத்தில்தானே முதலில் தடுமாற வேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறது. பாரம் இல்லாதபோது வெட்டுகிறது. அந்த ஒரு பதிலில் நான் வாங்கிப்போட்ட சாமான் அத்தனையும் குற்றமற்றவை என்று ஆகிவிட்டது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பாய் கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டு, ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஜெமினி வரை போய்த் திரும்பினோம். ஒரு வெட்டுகூட இல்லை. குழாயை மாட்டினார். ஷெட் வாசலிலிருந்து ஐம்பது அடி போவதற்குள் வெட்டியது.

காரணத்தைப் பிறகு விளக்கினார். வண்டி நின்றபடி முனகும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் இல்லை. பாதி மிதித்தால் உறிஞ்சல் பலமாக வரும், பாயிண்ட் தட்டு திரும்பும். முழுக்க மிதித்தால் உறிஞ்சல் விழுந்துவிடும், ஸ்ப்ரிங் தட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். ஆக, தட்டு திரும்பும்போதெல்லாம் வெட்டுகிறது. தட்டு திரும்பும்போது உள்ளே எது அசைகிறது?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைக் கரண்ட் வரும் இடத்தில் மாட்டி, மறுமுனையைப் பாயிண்ட் தட்டிலேயே வைத்தார். தட்டு எர்த் ஆகியிருப்பதால் விளக்கு எரிந்தது. பிறகு குழாயின் நுனியை வாயில் வைத்து, சர்பத் உறிஞ்சுவதுபோல் இழுத்தார். தட்டு லேசாகத் திரும்பியது. விளக்கு அணைந்தது. விட்டார், எரிந்தது. இழுத்தார், அணைந்தது.

தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்க ஒரு சின்ன எர்த் ஒயர் உண்டு. ஒரு விரல் நீளம்கூட இருக்காது, மேலே நூல் உறை. தட்டு அதன் அடித்தட்டின்மேல் வழுக்கித்தான் திரும்புகிறது, நடுவில் எண்ணெயும் அழுக்கும் இருக்கும், அந்த உரசலை நம்ப முடியாது என்றுதான் செய்தவர்கள் தனி ஒயர் வைத்தார்கள். பத்து வருடம் ஆயிரக்கணக்கான தடவை மடங்கி மடங்கி உறைக்குள்ளேயே ஒயர் அறுந்திருந்தது. வெளியே நூல் உறை முழுசாக இருந்தது. பார்த்தால் நல்ல ஒயர். பாய் இரண்டு விரலால் லேசாக இழுத்தார், உறை மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது.

"நீ ஒவ்வொரு தடவை பாயிண்ட் மாத்தும்போதும் இத அசைச்சிருக்கே தம்பி. உள்ள இருக்கிற நூல் கம்பி ரெண்டு தொட்டுக்கிட்டிருக்கும். ரெண்டு நாள் ஓடிச்சு. அப்புறம் விட்டுப்போச்சு. புதுச் சாமானால ஓடல, பழைய சாமானால நிக்கல."

காயில் மாற்றியபோது மட்டும் ஏன் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. காயில் வெளியே இருக்கிறது. அன்று நான் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லை. பதில் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு வாங்கிவந்தோம். அதிலிருந்த ஒயரை எடுத்து ஈயம் வைத்து ஒட்டினார். சாதாரண ஒயர் போடக்கூடாது, விறைப்பாக இருந்தால் தட்டு திரும்பாது, சீக்கிரம் அறுந்தும் போகும் என்றார். செலவு 2 ரூபாய். நான் மாற்றிய பழைய காயில், பழைய கண்டென்சர் எல்லாவற்றையும் திரும்பப் போட்டார். அத்தனையும் நல்லவை. வண்டி அதன்பின் அந்தக் கோளாறுக்காக வரவே இல்லை.

அன்று மாலை பாய் கை கழுவிவிட்டு, "சின்னவன் வீடு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். முதலாளியிடம் போய் ஏதோ பேசினார். பையனின் சம்பளத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு குடிசை வரிசைக்கு நடந்தோம். வழியில் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தெருமுனை வந்ததும் என் கால் நின்றுவிட்டது. "நீங்க போங்க பாய்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தனியாகவே போனார்.

கால் மணி நேரம் கழித்து வந்தார். பையன் ஒரு லாரியில் கிளீனராக ஏறி பெங்களூர்ப் பக்கம் போய்விட்டானாம். சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உங்க பையன் மேல தப்பு இல்லம்மா என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். "நீ சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். அந்த விஷயத்தை அவர் பிறகு எடுத்ததே இல்லை.

சில மாதம் கழித்துத் தைரியம் வந்து நான் மட்டும் போனேன். அந்த அம்மா வீடு மாறிப் போய்விட்டிருந்தார். சின்னவனை நான் மறுபடி பார்க்கவில்லை. இன்று அவனுக்கு அறுபத்தேழு வயது ஆகியிருக்க வேண்டும்.

இப்போது லூகாஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒயரை வைத்து "இருட்டின் இளவரசன்" என்று சிரிக்கலாம். ஆனால் பத்து வருடம், நீலகிரி மேட்டிலும் மெட்ராஸ் வெயிலிலும், ஒரு விரல் நீள ஒயர் உழைத்தது என்றும் பார்க்கலாம். நான் பார்த்த வண்டிகளில் பாதிக் கோளாறு சாமானால் வந்தது அல்ல. யாரோ நடுவில் அவசரத்தில் பிரித்து, திருகாணியை அரைகுறையாக முடுக்கி, தவறான ஒயரைச் சொருகியதால் வந்தது. அந்த யாரோ பல சமயம் என்னைப் போல ஒருவன்.

பாயிண்டின் காலம் முடிந்துவிட்டது. 1971-ல் ஜாகுவார் ஈ-டைப்பின் பன்னிரண்டு சிலிண்டர் வண்டியில் லூகாஸே எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டது. நான் எம்ஜி-பியோடு மல்லுக்கட்டுவதற்கு இரண்டு வருடம் முன்பே! எம்ஜி-பி செய்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. அம்பாசடரும் 2014-ல் நின்றது. நான் பிறகு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் சேர்ந்து பஸ்களோடு 30 வருடம் ஓட்டிவிட்டேன். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆனாலும் எந்த டிரைவர் வந்து புகார் சொன்னாலும் என் முதல் கேள்வி, "எப்ப?" என்பதுதான்.

ஷெட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக பாய் கற்றுத்தந்த வரிசையையும் எழுதிவிடுகிறேன். வண்டி நின்றால், முதலில் பொறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு உபரி பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். கையில் பிடிக்கவேண்டாம், பக்கத்தில் பெட்ரோல் வாசனை இருந்தால் செய்யவே வேண்டாம். பொறி நன்றாக இருந்தால் இக்னிஷனை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கம் போங்கள். பொறி இல்லை என்றால் காயிலின் நடு ஒயரில் பாருங்கள். அங்கே இருந்தால் கோளாறு மூடி, ரோட்டர், பிளக் ஒயரில். அங்கேயும் இல்லை என்றால் டெஸ்ட் லாம்பை எடுத்து, காயிலுக்குக் கரண்ட் வருகிறதா, பாயிண்ட் மூடும்போது எர்த் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் தொடுங்கள். நல்லது என்று தெரிந்த பழைய சாமானைத் தூக்கி எறியாதீர்கள்.

ஹெரால்டு பையன் ஒரு வாரம் கழித்து போன் செய்தான். நோட்டில் எழுதியிருந்தான். எல்லாமே மத்தியானம், அரை மணி நேரம் ஓடிய பிறகு, சிக்னலில் நின்று கிளம்பும்போது. நின்றதும் பிளக்கை மாட்டிப் பார்த்தானாம், பொறி நீலமாக, பளிச்சென்று விழுகிறது. "அப்ப இக்னிஷன் இல்லை" என்று அவனே சொல்லிவிட்டான். பிறகு பார்த்தால், யாரோ மாற்றிப்போட்ட பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகிறது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழி அடைத்திருக்கிறது. குழாயைத் தள்ளிக் கட்டினான், சரியாகிவிட்டது.

"அந்தக் குழாயைப் போட்ட மெக்கானிக்கைப் போய்க் கேக்கப் போறேன் தாத்தா. ஏமாத்திட்டான்" என்றான் கோபமாக.

"அவன்தான் போட்டான்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியாது தாத்தா" என்றான்.